பல் விழாத கிழம்

போர்க்களத்தில் தாம் சுமந்த ரைபிளை முதுமையில் மறுபடி தொட்டுப் பார்க்க ஆசைப்படும் அமெரிக்கச் சிப்பாயை நான் பரிகசிக்க மாட்டேன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, அந்நியப் பட்டாளங்கள் கழித்துப் போட்டதையெல்லாம் கப்பலில் கொண்டுவந்து இறக்கும் வியாபாரியோடுதான் எனக்கு வழக்கு.

1963-இல் கென்னடியைக் கொன்றது எது? 1940-இல் இத்தாலியப் பட்டாளத்துக்காகச் செய்த ரைபிள். குறிபார்க்கும் தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு தனி! 1968-இல் சட்டம் இந்த இறக்குமதியை அடைத்தது. 1984-இல் சேகரிப்பாளர்களுக்காகக் கதவு மறுபடி திறந்தது. ஐம்பது வயதாகிவிட்டால் அது அரும்பொருளாம்! மனிதனுக்கு வயதானால் பல் விழுகிறது, ஐயா, துப்பாக்கிக்கு விழுவதில்லையே!

ஞாபகார்த்தம்தான் வேண்டுமென்றால், குழலை அடைத்து, இனிச் சுடவே முடியாதபடி செய்து விற்கட்டும். எத்தனை பேர் வாங்க வருகிறார்கள், பார்ப்போம்.