மூன்று சென்ட் மனையில் கழிப்பறைக்கு இடம் எங்கே?

அரசு வீடு கிடைத்த பிறகும் எங்கள் மக்கள் ஏரிக்கரைக்குப் போகிறார்கள் என்றால், "பழக்கம் மாறவில்லை" என்று அதிகாரிகள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள காலனிகளுக்குப் போய்வரும் நாங்கள் இதை ஏற்கவில்லை. பழக்கத்தைப் பேசும் முன் மனையை அளந்து பாருங்கள், தோழர்களே.

கிராமத்தில் கிடைக்கும் இலவச மனைப்பட்டா பெரும்பாலும் 3 சென்ட்டைத் தாண்டாது. சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 11 மீட்டர். அதில் பசுமை வீடு என்றால் 300 சதுர அடி, கலைஞரின் கனவு இல்லம் என்றால் 360 சதுர அடி போய்விடும். மிச்சத்தில் இரட்டைக் குழி தோண்ட வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் குடிநீர்க் கிணறோ போரோ குழியிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். 11 மீட்டர் மனையில் இது எப்படி நடக்கும்? நம் குழியின் கழிவு பக்கத்து வீட்டு போருக்கு, அவர்களுடையது நமக்கு. பட்டு நெய்யும் குடும்பமாக இருந்தால் தறிக்குழியும் அதே ஈரத்தில்தான்.

காஞ்சிபுரம் ஏரி மாவட்டம். மேட்டு நிலம் ஊருக்கு, தாழ்ந்த நிலம் சேரிக்கு என்பதுதான் பழைய கணக்கு. ஐப்பசி மழையில் குழி நிரம்பினால் கழிப்பறை விறகு வைக்கும் அறையாகிவிடும். அதற்குக் கொடுப்பதோ 2014இல் நிர்ணயித்த 12,000 ரூபாய். அதுவும் பெரும்பாலும் கட்டி முடித்த பிறகு. அதுவரை வட்டிக்கடன்தான்.

இரட்டைக் குழி நல்ல திட்டம்தான். ஒன்று நிரம்பியதும் மூடி ஒன்றரை, இரண்டு ஆண்டு விட்டால் உள்ளே இருப்பது எருவாகிவிடும், யாரும் அள்ளலாம். ஆனால் சாதி அள்ள விடாது. டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களை ஆய்ந்து 2017இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் காட்டினார்கள்: குழியை அள்ளுவது தலித்துகளின் வேலை என்று கருதுவதால் மற்றவர்கள் சிறிய குழியையே வெறுக்கிறார்கள், கட்டினால் பெரிய தொட்டியாகக் கட்டுகிறார்கள். தொட்டிக்குள் ஆளை இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. இறங்கிச் சாவது இன்றும் நம் ஆட்கள்.

ஆகவே இது கழிப்பறைப் பிரச்சினை அல்ல, நிலப் பிரச்சினை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், காஞ்சிபுரமும் அடங்கிய அன்றைய மாவட்டத்தைப் பற்றி எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூட நம் மக்களுக்குச் சொந்தமில்லை, ஆண்டை நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையைப் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. காரணையில் அந்த நிலத்தை மீட்பதற்கான போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள்.

ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் கையகப்படுத்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை வைத்து மேட்டு நிலம் வாங்கலாம். ஒட்டி ஒட்டி இருக்கும் மனைகளுக்குத் தனித்தனிக் குழிக்குப் பதில் பொதுக் கழிவுக் குழாயும் சுத்திகரிப்பும் அமைக்கலாம். வரும் கிராமசபைக்கு டேப்போடு போங்கள். உங்கள் காலனியில் குழிக்கும் குடிநீருக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து தீர்மானத்தில் எழுத வையுங்கள்.