பெயரும் அதன் எல்லையும்

கணிப்பொறி நிரலில் ஒரு பெயர் எவ்விடம் வரை செல்லும் என்பதையே அதன் எல்லை என்கிறோம். இச்சொல்லைத் தமிழாக்குதல் எளிது. ஆயின், எல்லையின் தன்மை மொழிக்கு மொழி வேறுபடுவதை மறந்து தமிழாக்கினால், கற்போர் வழி தவறுவர்.

1995-இல் வெளிவந்த ஜாவா மொழி கண்டிப்பு மிக்கது. அறிவிக்கப்படாத மாறியை அதன் தொகுப்பான் ஏற்பதில்லை. 'பிரைவேட்' என்று குறித்த மாறியை வழித்தோன்றும் வகுப்பும் நேரே அணுகவியலாது.

கோல்டுஃபியூஷன் மொழியில் 2002-இல் சேர்க்கப்பட்ட 'கம்போனென்ட்' என்னும் கூறு, தோற்றத்தில் ஜாவாப் பொருளை ஒத்தது, இயல்பில் வேறானது. அதில் 'திஸ்' எல்லையில் வைத்த மதிப்பை வெளியிலிருந்து எவரும் மாற்றலாம். 'வேரியபிள்ஸ்' எல்லை வெளியார்க்குப் புலப்படாது; எனினும் வழித்தோன்றும் கூறுக்கு அது திறந்தே இருக்கும். ஆகவே அதனைத் 'தனியெல்லை' என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது. 'கூறு முழுமைக்கும் பொதுவான எல்லை' என்பதே நேர்மையான பெயராகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. செயல் ஒன்றினுள் 'வார்' என்னும் அறிவிப்பின்றி ஒரு மாறிக்கு மதிப்பளித்தால், அம்மாறி அப்பொதுவெல்லையில் சென்று தங்கிவிடும். கூறின் ஒரே படியைப் பயனர் அனைவரும் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவருடைய விவரத்தை ஏந்திய மாறியில், அதே கணத்தில் மற்றொருவருடைய விவரம் எழுதப்படலாம். முன்னவர் திரையில் பின்னவருடைய விவரம் தோன்றும். ஒருவர் மட்டும் அமர்ந்து சோதிக்கையில் இப்பிழை வெளிப்படுவதில்லை. பலர் ஒருங்கே பயன்படுத்தும்போதே தலைகாட்டும்.

இது நிரலரின் கவனக்குறைவே என்பாரும் உளர். ஜாவாவிலும், பகிரப்படும் பொருளின் மதிப்புகள் இவ்வாறே கலக்கக்கூடும் என்பது மெய்யே. ஆனால் அங்கே பொதுவில் வைப்பதென நிரலர் தாமே எழுதியாக வேண்டும்; இங்கோ ஒரு சொல் விடுபட்டாலே அது நேர்ந்துவிடுகிறது. மறதிக்கு இத்துணை பெரிய தண்டம் தகாது.

2009-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு 'லோக்கல்' என்னும் எல்லையை வெளிப்படையாக வழங்கியது. அதே மொழியை இயக்கும் லூசி, அறிவிக்கப்படாத மாறியைச் செயலுக்குள்ளேயே நிறுத்தும் அமைப்பையும் தருகிறது. அறிவிக்காதது குறுகிய எல்லையிலேயே நிற்றல் வேண்டும் என்பதே எம் கருத்து. அதுவரை, 'வார்' என்னும் சிறு சொல்லை விடாது எழுதும் பழக்கத்தைப் பாடநூல்கள் முதற்பாடத்திலேயே கற்பித்தல் நலம்.