மைதானம் கிளப்புக்கா, ஊருக்கா?

கோல்ஃப் என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரே படம்தான். சுற்றிலும் வேலி, வாசலில் காவலாளி, "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று ஒரு பலகை, உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. ஒரு மைதானம் வைத்திருந்தால் பணக்கார கிளப், மூன்று நான்கு வைத்திருந்தால் மகா பணக்கார கிளப். கணக்கு அவ்வளவுதான்!

வம்பு என்னவென்றால், இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே கோல்ஃபின் ஆரம்ப வரலாற்றையும் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே 'ராயல் அண்ட் ஏன்ஷியண்ட்' என்ற புகழ்பெற்ற கிளப். "அந்த கிளப்புக்கு ஏழு மைதானங்கள் இருக்கின்றன, தெரியுமா?" என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். அந்த ஊரில் ஏழு மைதானங்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அந்த கிளப்புக்குச் சொந்தமில்லை. அத்தனையும் ஊர்ச் சொத்து.

இது சின்னப் பிழைதானே என்று தோன்றலாம். இல்லை. ஒரு ஊர் நானூறு ஐநூறு வருடம் போராடிக் காப்பாற்றிய நிலத்தை, ஒரு வரியில் எடுத்து ஒரு கிளப்பின் பெயரில் எழுதிக் கொடுப்பது சின்னப் பிழை ஆகாது.

முதலில் அந்த நிலத்தைப் பார்ப்போம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டுப் புல்தரைக்கு ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்று பெயர். உழவுக்கு உதவாது. ஆடு மேயும், துணி உலர்த்துவார்கள், பிள்ளைகள் பந்தடிப்பார்கள். நம்மூர் வழக்கில் சொன்னால் ஊர்ப் புறம்போக்கு. 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டன் இந்த லிங்க்ஸில் முயல் வளர்க்க ஆசைப்பட்டார். அப்போது எழுதப்பட்ட சாசனத்தில், அந்த நிலத்தில் கோல்ஃபும் கால்பந்தும் ஆட ஊர்மக்களுக்கு இருக்கும் உரிமை நிற்கும் என்று தெளிவாக இருக்கிறது. முயலுக்கு அனுமதி கேட்டது பேராயர், கொடுத்தது ஊர்!

கிளப் எப்போது வந்தது? 1754-ல். 22 பிரபுக்களும் கனவான்களும் கூடி ஆரம்பித்தார்கள். சாசனத்துக்கு இருநூறு வருடம் கழித்து. 'ராயல்' பட்டம் இன்னும் பிந்தி, 1834-ல், நான்காம் வில்லியம் மன்னர் கொடுத்தது. ஆக, முதலில் ஊர், பிறகு ஆட்டம், அதற்கும் பிறகுதான் கிளப்.

அன்றைக்கு 'ஒரு கிளப், பல மைதானம்' என்ற பேச்சே கிடையாது. நேர் எதிராக, பல கிளப்புகளுக்கு ஒரே மைதானம் என்பதுதான் வழக்கம். எடின்பரோவுக்குப் பக்கத்தில் மசல்பரோ என்று ஒரு ஊர். அங்கே இருந்தது வெறும் ஒன்பது குழி. ஒரு காலத்தில் எடின்பரோவின் பெரிய கிளப்புகள் எல்லாம் அந்த ஒன்பது குழியில்தான் முட்டி மோதிக்கொண்டு ஆடின. ஊர்க்காரர்களும் அங்கேதான் ஆடினார்கள்.

கூட்டம் ஏன் பெருகியது? 1848 வாக்கில் 'கட்டா பெர்ச்சா' என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. அதற்கு முன் தோல் பைக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்து. ஒரு தொழிலாளி நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நாலைந்துக்கு மேல் செய்ய முடியாது, விலையும் அதற்கேற்ப. புதுப் பந்து பல மடங்கு மலிவு. பின்னாலேயே ரயிலும் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1852-ல். பந்து மலிந்தது, பயணம் எளிதானது, ஜனம் குவிந்தது.

இந்த நெரிசலுக்கு இரண்டு பதில்கள் வந்தன. இங்கேதான் கவனிக்க வேண்டும்.

முதல் பதில், ஓடிப்போவது. 1744-ல் கோல்ஃபுக்கு முதன்முதலில் விதி எழுதிய 'ஹானரபிள் கம்பெனி' என்ற கிளப் மசல்பரோ நெரிசல் தாங்காமல் 1891-ல் மூட்டை கட்டிக்கொண்டு மியூர்ஃபீல்டுக்குப் போய்த் தனக்கென்று தனி மைதானம் போட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டே ஓப்பன் போட்டியும் அதன் பின்னால் போனது. 1889 வரை ஆறு முறை ஓப்பன் நடந்த மசல்பரோவுக்கு அது திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது பதில் செயின்ட் ஆண்ட்ரூஸில். இங்கே இரண்டாவது மைதானமே ஒரு சொத்துத் தகராறில் பிறந்த பிள்ளை. 1797-ல் கடனில் மூழ்கிய நகராட்சி லிங்க்ஸை விற்றுத் தொலைத்தது. அது முயல் வியாபாரிகள் கைக்குப் போய், திரும்பிய பக்கமெல்லாம் முயல் வளை. வழக்கும் அடிதடியுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் வாங்கிய பிறகுதான் முயல் தொல்லை ஓய்ந்தது. ஆனாலும் நிலம் தனியார் நிலம்தான். 1890-களில் அந்தக் குடும்பம் விற்க முன்வந்தபோது கிளப் முந்திக்கொண்டு வாங்கிவிட்டது. நகரமன்றம் சும்மா இருக்கவில்லை. பாராளுமன்றத்துக்குப் போய் 1894-ல் ஒரு சட்டமே கொண்டுவந்து நிலத்தை ஊருக்கு மீட்டது. கிளப் தன் செலவில் இன்னொரு மைதானம் போட்டுத் தர வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி.

அப்படி 1895-ல் திறந்ததுதான் 'நியூ கோர்ஸ்'. அதற்குப் பிறகுதான் பழையதற்கு 'ஓல்டு கோர்ஸ்' என்று பெயர் சொல்ல வேண்டிய தேவையே வந்தது. புதியதை வடிவமைத்தவர் ஓல்டு டாம் மாரிஸ், நாலு முறை ஓப்பன் வென்றவர், ஒரு நெசவாளியின் மகன். 1897-ல் ஜூபிலி, 1914-ல் ஹாரி கோல்ட் வடிவமைத்த ஈடன் என்று வரிசை நீண்டது. கிளப்புக்காக ஒன்றும் ஊருக்காக ஒன்றும் என்று பிரிக்காமல், எல்லாம் எல்லோருக்கும் திறந்த மைதானங்களாக வளர்ந்தன.

"கிளப் பணம் போடாவிட்டால் நியூ கோர்ஸ் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிளப் பணம் போட்டது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நிலம் தன் கையில் இருந்தபோது அதை ஊருக்குத் திறந்துவைப்பேன் என்று எழுதிக் கொடுக்கவில்லையே! சட்டம் வந்த பிறகுதானே எல்லாம்.

"ஊர்ச் சொத்து என்று சும்மா புகழாதே, 1797-ல் விற்றதே நகராட்சிதானே?" என்றும் கேட்கலாம். அதுவும் உண்மை. பொதுச் சொத்து என்று பெயர் இருந்தால் மட்டும் நிலம் தானாகப் பிழைத்துக்கொள்ளாது. விற்றவர்களும் ஊர்த் தலைவர்கள், மீட்டவர்களும் ஊர்த் தலைவர்கள். நடுவில் நூறு வருடம் "இது எங்கள் நிலம்" என்று விடாமல் சொன்ன ஊர்க்காரர்கள்தான் வித்தியாசம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒன்றும் சொர்க்கமல்ல. 1867-ல் அங்கே பெண்கள் தங்களுக்கென்று கிளப் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மெல்லத் தட்டி ஆடும் ஒரு சின்னப் புல்தரை. ஜூபிலி மைதானமே பெண்களுக்கும் கற்றுக்குட்டிகளுக்கும் என்று போட்ட 12 குழிதான். கூடுதல் மைதானம் என்பது சில சமயம் 'நீ அங்கே போ' என்று சொல்வதற்கான மரியாதையான வழியும்கூட. ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க 2014 வரை காத்திருந்தது. ஆனால் அந்த 2014-க்கு வெகு காலம் முன்பே ஒரு பெண் ஓல்டு கோர்ஸில் பந்தடிக்க முடிந்தது. காரணம், தரை கிளப்புடையது அல்ல. மியூர்ஃபீல்டில் தரையும் கிளப், கதவும் கிளப். அங்கே 2016-ல் வாக்கெடுப்பு தோற்று, 2017-ல் ஜெயித்து, 2019-ல்தான் முதல் பெண் உறுப்பினர்கள் வந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

காசு விஷயமும் அப்படியே. ஓல்டு கோர்ஸில் வெளியூர்க்காரர்களுக்கு 1913-ல்தான் கட்டணம் வந்தது. ஊர்க்காரர்கள் 1946 வரை சும்மாவே ஆடினார்கள். 1974 முதல் இந்த மைதானங்களை நடத்துவது சட்டப்படி அமைந்த ஒரு அறக்கட்டளை. இன்று ஓல்டு கோர்ஸில் ஒரு ஆட்டத்துக்கு வெளியூர்க்காரர் 300 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும், அதுவும் சீசனில். அது அநியாய விலை என்று தாராளமாகச் சண்டை போடலாம். அப்படிச் சண்டை போட ஒரு இடமாவது இருக்கிறது. தனியார் வேலிக்கு வெளியே நிற்பவன் யாரிடம் போய்க் கேட்பான்?

இனி யாராவது "அந்த கிளப்புக்கு ஏழு மைதானம்" என்று ஆரம்பித்தால், ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உலகமே ஆட ஏங்கும் ஓல்டு கோர்ஸில் வழக்கமாக அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஊர்ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அதன் நடுவே உலாத்திக்கொண்டிருக்கும். கிளப் கட்டடம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.