நாடியின் வாயும் நெடுந்தூரப் பயணமும்

குளம் நிறைந்திருந்தாலும் துருசின் வாய் தூர்ந்துவிட்டால் வயல் காயும் என்பதை விசுவமடு விவசாயிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இருதயத்துக்குக் குருதி வழங்கும் இரு முடியுரு நாடிகளும் பெருநாடியின் அடியில் இரு வாய்களிலிருந்து தொடங்குகின்றன. இடது வாய் சுருங்கினால் இருதயத் தசையின் பெரும்பகுதி ஒருசேர ஆபத்துக்குள்ளாகிறது. கொழுப்புப் படிவே பிரதான காரணம். ஆசியப் பெண்களை இளவயதிலேயே தாக்கும் தக்காயாசு நாடி அழற்சியும், மார்பில் பெற்ற கதிர்வீச்சும் காரணமாகலாம்.

1967 இல் ரெனே பவலோரோ கிளீவ்லாந்தில் கால் நாளத்தைக் கொண்டு நிலைநாட்டிய பைபாஸ் முறை, புதிய வாய்க்கால் வெட்டுவதை ஒத்தது. துருசையே திருத்துவதை ஒத்த இன்னொரு முறையும் உண்டு. இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் பெருநாடியைத் திறந்து, சுருங்கிய வாயைக் கீறி, நோயாளியின் கால் நாளத்திலிருந்தோ இருதய உறையிலிருந்தோ எடுத்த துண்டை வைத்துத் தைத்து அகலமாக்குகிறார்கள். குருதி இயல்பான வழியிலேயே பாய்கிறது. பைபாஸுக்குரிய நாளங்களும் பிற்காலத் தேவைக்கு எஞ்சுகின்றன. எனினும் வாய் மட்டும் சுருங்கி, அதற்கப்பால் நாடி நலமாக உள்ள சிலருக்கே இது பொருந்தும்.

எந்த முறை என்பதை நிபுணர் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானம் வரை வன்னி நோயாளி சென்றடைகிறாரா என்பதே எனது கேள்வி. மண்வெட்டி பிடிக்கையில் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் தணிகிறது என்பவர் அதை வாயுக்கோளாறு என்று எண்ணி இருந்துவிடுகிறார். ஓய்விலே எடுக்கும் ஈசிஜி சிலவேளை குறை எதையும் காட்டாது. வாயின் நிலையைத் தெளிவாகக் காட்டுவது அஞ்சியோகிராம். அதற்கு விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் வரை 70 கிலோமீற்றருக்கும் அதிகமாகச் செல்லவேண்டும். 2018 இல் வடக்குக்கு வந்த 1990 நோயாளர் காவுவண்டிச் சேவை பெரும் பேறுதான். ஆனால் அது விழுந்தவரைத் தூக்கிச் செல்வதற்கானது. விழுமுன் பரிசோதனைக்குச் செல்பவர் பேருந்தையே நம்பவேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இழக்கும் நாட்கூலியை எவரும் ஈடுசெய்வதில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு நாளாக அலையவிட்டால் கூலித் தொழிலாளி மூன்றாம் முறை வரமாட்டார். ஆகவே, உழைக்கையில் நெஞ்சு இறுகுவோரைக் கிராம வைத்தியசாலையிலேயே இனங்கண்டு, பரிசோதனைகளை ஒரே பயணத்தில் முடிக்குமாறு அங்கிருந்தே நாள் குறித்து அனுப்பும் ஒழுங்கு வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை; ஒரு தொலைபேசியும், பொறுப்பேற்கும் ஒருவரும் போதும்.