கைகளைக் காக்கும் இயந்திரம்

இயந்திரம் வந்தால் ஏழையின் வேலை போய்விடும் என்பது பலருடைய கருத்து. நம் ஊர் வயல்களில் நெல் அறுக்கும் இயந்திரம் இறங்கியபோது கூலியை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே அந்த அச்சத்தை நான் பழிக்க மாட்டேன். ஆயினும் இயந்திரத்திடம் ஒப்படைப்பதே நியாயமான ஒரு வேலை இருக்கிறது. அது, நோயறியும் படத்திற்கான கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் வேலை.

புற்றுநோய் உடலில் எங்கே பரவியுள்ளது என்றறிய ‘பெட் ஸ்கேன்’ எடுப்பார்கள். அதற்கு முன் எஃப்.டி.ஜி. என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். இது குளுக்கோசைப் போன்ற சர்க்கரை. அதில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்ந்திருக்கும். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சுவதால் அவ்விடங்கள் படத்தில் தெரிந்துவிடும்.

இந்த அணு 110 நிமிடங்களில் பாதியாகக் குறையும். சென்னையில் தயாரித்து விக்கிரவாண்டிக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். எனவே முதலிலேயே அதிகமாகத் தயாரிக்க வேண்டும். அளவு கூடினால் தயாரிப்பவருக்கு ஆபத்தும் கூடும். ஆதலால், ஈயச் சுவர்களுக்குள் வைத்த ஒரு பெட்டி, கணிப்பொறியின் கட்டளைப்படி குழாய்களைத் திறந்து மூடி, சூடாக்கி, சுத்திகரித்து, சுமார் அரை மணியில் மருந்தைத் தருகிறது. இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பை பரேலில் 2002-இல் செயல்படத் தொடங்கியது.

செயற்கைக் கதிரியக்கத்தை 1934-இல் கணவருடன் கண்டறிந்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். மறு ஆண்டே இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1956-இல் அவர் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். ஆண்டுக்கணக்கில் கதிரியக்கப் பொருள்களோடு பழகியதே காரணம் என்று கருதப்படுகிறது. அறிவுக்காக அவர் கொடுத்த விலையை, தினந்தோறும் உழைக்கும் ஊழியர் ஒருவரும் கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் வாதம்.

எனினும் பொத்தானை அழுத்திவிட்டு உறங்க முடியாது. வந்த மருந்து தூயதா, அமிலத்தன்மை சரியா என்று சோதித்து ஒப்பமிடுவது மனிதர் பொறுப்பு. இயந்திரம் நடுவில் நின்றால், பட்டினியோடு காத்திருக்கும் நோயாளி வெறுங்கையோடு வீடு திரும்புவார். அந்த வேதனை பெட்டிக்குத் தெரியாது. அருகில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

தோழியரே! பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரிலேயே அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. வேதியியல் கடினம் என்று ஒதுங்காதீர்கள். ஆபத்தை இயந்திரத்திடம் விடுவோம். பொறுப்பை நாம் ஏற்போம்.