வயசானா இப்படித்தானா?

ஈஸ்ட்ஹாமில் நான் ரூம் எடுத்திருக்கும் வீட்டில் ஒரு அம்மம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். நான் காலேஜ் கிளம்பும்போது "சாப்பிட்டியே தம்பி?" என்று கேட்காமல் விடமாட்டார். போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, "பஸ் வந்திட்டுது, பருத்தித்துறைக்குப் போகவேணும்" என்று வாசக்கதவைத் திறக்கப் போனார். என்னைப் பார்த்து "நீ ஆர்?" என்றார். பகீர்னு ஆயிடுச்சு. "வயசானா இப்படித்தான்" என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம்.

மறுநாள் மகளுக்கு வேலை. டாக்டரிடம் மொழிபெயர்க்கப் போனது அடியேன். எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை தம்பி"தான். டாக்டரம்மா யோசித்துவிட்டு, போனில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, என்னை வெளியே இருக்கச் சொன்னார். மகள் பிறகு சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். நாலு நாளா எரிச்சல், அடிவயிற்றில் வலி. அடிக்கடி பாத்ரூம் போகணுமே என்று தண்ணீரையும் குறைத்திருக்கிறார். சிறுநீர்த் தொற்று! ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பத்து நாளில் பழைய அம்மம்மா.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மறதி நோய் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வருகிற குழப்பம் வேறு. அதுக்குப் பேர் டெலிரியம். அது வந்தால் உடனே 999 கூப்பிடு அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ என்கிறது என்.ஹெச்.எஸ். நாங்க காலை வரைக்கும் காத்திருந்தது தப்பு.

இதுக்கு நேரெதிர் தப்பும் உண்டு. தாத்தா உளறினாலே யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லிவிடுவது. மலச்சிக்கல், நீர் வற்றுவது, நெஞ்சுச்சளித் தொற்று, புது மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். முதியோர் இல்லங்களில் பாதிப்பேர் வரைக்கும் நோயே இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருக்குமாம். அதனால்தான் 65 தாண்டியவர்களுக்கு அந்தக் கலர் மாறும் பட்டையை முக்கி நோயை முடிவு செய்யக்கூடாது என்று இங்கே வழிகாட்டுதலே இருக்கிறது. தேவையில்லாத ஆன்டிபயாடிக், நாளைக்குத் தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம்.

இன்னொன்று. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு மருந்துக்கடையிலேயே மருந்து வாங்கலாம். ஆனால் 16 முதல் 64 வயதுப் பெண்களுக்கு மட்டும். பாட்டிக்கு டாக்டர்தான்.

என் கட்சி இதுதான் மக்களே: பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிட்டுப் போகாதீங்க. என்.ஹெச்.எஸ்-ல மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பெண் வேணும்னு கேளுங்க. எந்தப் பாட்டி ஒரு பையன்கிட்ட "அங்கே எரியுது"ன்னு சொல்லுவா?

ஊருக்குப் போன் போட்டு அப்பத்தாகிட்ட கேட்டுப் பார்த்தேன். "போடா கழுதை"ன்னு போனை அம்மாகிட்ட கொடுத்துடுச்சு :-) இனி அம்மா கேட்கட்டும்.