புழுவுக்கும் ஒரு பங்கு

இந்த வாரம் என் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டது ஒரு வழவழப்பான நோட்டீஸ். அக்கா மகள் வண்டலூர் தாண்டி அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறாள். பூச்சு வேலைகூட முடியவில்லை, அதற்குள் ஒரு நர்சரிக்காரர் கம்பிக் கதவில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டைச் சுற்றி அழகு செய்துதர மொத்தமாக ஒரு பேக்கேஜ். முன்னால் மெக்சிகன் புல், ஓரத்தில் குட்டைப் பனைகள், மதிலை ஒட்டி உயரமாக ஒரு பச்சைத் திரை, மிச்சமெல்லாம் பேவர் பிளாக். பேவர் பிளாக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத மழைக்காலம் கிடையாது என்பதால் இன்று வாசகர்களை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பச்சைத் திரை, படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கோனோகார்பஸ். குழாய்க்குள் வேர் புகுந்துவிடும், மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும் என்ற புகார்களால் குஜராத் 2023-இலேயே அதை நடக்கூடாது என்றது. 2025-இல் தமிழக அரசும் தடை விதித்தது. நோட்டீஸில் பெயர் இல்லை, படம் மட்டும் இருக்கிறது. கெட்டிக்காரர்கள். தடைக்குப் பிறகும் இது எப்படி நடக்கிறது என்று பத்தி முழுக்க வைவதற்குத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரி கண்ணில் பட்டது: 'இலை உதிராது. பூச்சி வராது.' அதோடு கோனோகார்பஸ் மறந்துபோயிற்று.

பூச்சி வராது என்பதை ஒரு பெருமையாகச் சொல்லி விற்கிற காலத்துக்கு வந்துவிட்டோம். பூச்சியே வரக்கூடாதென்றால் மண் எதற்கு, தண்ணீர் எதற்கு? பிளாஸ்டிக்கில் வாங்கி வைத்து மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். புளித்த மோரை ஊற்றி ஊற்றி வளர்க்கிறோம். ஒருநாள் பார்த்தால் கொழுந்திலையில் காக்கை எச்சம்போல ஏதோ ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு அது. தாய்ப்பூச்சி இலையைக் காலால் தட்டிச் சுவை பார்த்து, இதுதான் என்று உறுதியான பிறகே முட்டை வைத்திருக்கும். புழு வளர வளர எச்ச வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறும். விரலால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் ஒரு கவைக்கொம்பை நீட்டி நாற்றம் விடும். நம் வீடுகளில் இதற்குக் கிடைப்பது வேப்பெண்ணெய்க் கரைசல், இல்லாவிட்டால் செருப்பு.

இந்தப் பூச்சியின் பெண்களில் சில, இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வேறொரு இனம்போல நடிக்கும். அந்த வேறொரு இனம், வேலியோரம் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வது. செடியின் நஞ்சு அதன் உடம்பிலும் ஏறியிருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. அசலுக்கு அஞ்சித்தான் நகலை விடுகின்றன. வேலியோரத்தை வழித்துத் துடைத்து ஆடுதீண்டாப்பாளையை ஒழித்துவிட்டால், அசல் குறையக் குறைய நகலின் வேஷமும் எடுபடாமல் போகும்.

இங்கே நான் மா. கிருஷ்ணனை இழுப்பேன் என்று பழைய வாசகர்கள் முன்பே ஊகித்திருப்பார்கள். அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 தொடங்கி 1996-இல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் இயற்கைப் பத்தி எழுதியவர். வாரம் ஒன்றுக்கே விழி பிதுங்கும் எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இல்லை, பயமாக இருக்கிறது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். என் மேசையில் இருக்கும் பிரதி அட்டை கழன்று நூலில் தொங்குகிறது. யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் எழுதியவர் கிருஷ்ணன். இந்த மண்ணின் மரம் செடிகளை விட்டுவிட்டு வெளிநாட்டு அழகுகளைக் கொண்டுவந்து நடுவதில் அவருக்கு இருந்த எரிச்சல் ஊரறிந்தது. வாரிசு உரிமை இல்லாமலே அந்த எரிச்சலை நான் சுவீகரித்துக்கொண்டேன்.

அக்கா மகளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். "மாமா, புத்தகம் இருக்கட்டும். எங்க என்ன வைக்கிறதுன்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முதலில் ஒன்றும் வைக்காதே. சித்திரையில் மேற்குச் சுவரில் எவ்வளவு நேரம் வெயில் அடிக்கிறது, ஐப்பசி மழையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று பார். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், மின்கம்பி மூன்றும் எங்கே போகின்றன என்று ஒரு தாளில் குறி. தேக்சா கழுவுகிற தண்ணீர் விழும் இடம் வாழைக்கு. நல்ல வெயில் படும் இடம் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும். எலுமிச்சைக்கும் தனியாக ஒரு அழகி வருவாள். வேலிக்குச் செம்பருத்தி, வாசலுக்குப் பவழமல்லி. மரம் ஒன்று வேண்டுமென்றால் வேம்போ புங்கனோ, அதுவும் அரை கிரவுண்டில் இடமிருந்தால். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்தவற்றில் பெருங்கொன்றையும் மயில்கொன்றையும் எத்தனை என்று பார்த்தவள்தானே நீ. நடுவதை அடுத்த மழைக்குச் சற்று முன்னால் புரட்டாசியில் வைத்துக்கொள், தண்ணீர் ஊற்றும் வேலையை வானம் பார்த்துக்கொள்ளும்.

"புழு மொத்தத்தையும் தின்னுட்டா?"

நியாயமான கேள்வி. சின்னக் கன்றை நாலு புழு மொட்டையடித்துவிடும். அதனால் ஒன்றுக்கு மூன்றாகக் கன்று வை, புழுக்களைப் பிரித்து விடு. வேரூன்றிய செடி மறுபடி துளிர்க்கும். மருந்து அடிக்காத தோட்டத்தில் தையல்சிட்டு தானாக வரும். அதன் குஞ்சுகளுக்குப் புழுதான் சோறு. மிஞ்சுகிற புழு பறக்கட்டும், மிஞ்சுகிற இலை ரசத்துக்கு.

அவள் நர்சரி நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: கோனோகார்பஸ் கிடையவே கிடையாது, முன்பக்கப் புல் அவள் இஷ்டம், பின்பக்கத்து ஐந்தடிச் சந்து புழுக்களுக்கும் எனக்கும். முன்பக்கத்தையும் பிடிக்க எனக்கு இன்னும் புரட்டாசி வரை அவகாசம் இருக்கிறது.